பதினேழரை மணி நேரத் தொலைவு

அந்தப் பயணச்சீட்டு அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலாளி முதல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவர் 'பதினேழரை'தான். ஊரில் பாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்காகக் குடியேறியிருந்த அந்தத் தொலைதூர நகரத்திலிருந்து இங்கு வந்துசேர ஆகும் நேரம் அது. முதல் விமானம் எட்டு மணி நேரம், இடைநிலையத்தில் இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, இரண்டாவது விமானம் ஏழு மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கை அவர் பிசகாமல் சொல்வார்.

மருந்துக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறை அது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விமானப் படத்தின் வால் எப்போதோ உரிந்துபோயிருந்தது. உள்ளே சுவரில் நான்கு கடிகாரங்கள் நான்கு நகரங்களின் நேரத்தைக் காட்டின. அவற்றுள் ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த நகரத்துக்கு இங்கிருந்து யாரும் போவதில்லை என்பதால் அதற்கு மின்கலம் மாற்றவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாடிக்கையாளர்கள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் மணியையும் சேரும் மணியையும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பார்கள்.

"என்ன பதினேழரை, போறதுக்குப் பத்தரை மணி நேரம்தான் போட்டிருக்கு, வர்றதுக்கு ஒரு நாளைக்கு மேல ஆகுதே? ஏமாத்துறாங்களா?"

"அங்க மணி நம்மளைவிட ஒன்பது மணி நேரம் பின்னால. போறப்போ கடிகாரம் உங்களுக்குக் கடன் குடுக்கும். வர்றப்போ திரும்ப வாங்கிக்கும். நிஜத்துல போறதுக்குப் பத்தொன்பதரை, வர்றதுக்குப் பதினேழரை."

"அது ஏன் போறதுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் கூட?"

"எதிர்காத்து."

"நேரா போனா எவ்வளவு தூரம் வரும்?"

"பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ஆனா நேரா போக காக்காவாலதான் முடியும். அதுவும் போகாது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்துவிட்டால் அவர் ஒன்று சேர்த்துச் சொல்வார்: "கடிகாரத்தை நம்பாதீங்க. ஏறினதுல இருந்து எத்தனை மணி நேரம்னு மட்டும் எண்ணுங்க. அது எந்த ஊர்லயும் மாறாது."

இவ்வளவு தெரிந்தவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. விசாத் தாள்களைச் சரிபார்க்கும் பெண்மணி, எல்லோருக்கும் 'விசா அக்கா', அவரை இதை வைத்தே ஓட்டுவார். "கல்யாணத் தரகருக்குக் கல்யாணம் ஆகலைங்கிற கதையால்ல இருக்கு" என்பார். அவரும் பதிலுக்கு, "எனக்குக் கல்யாணம் ஆகிடுச்சு, அதுவே போதும்" என்பார். மனைவி உயிரோடு இருந்த காலத்துப் பேச்சு அது.

அவருடைய ஒரே மகள் திருமணமாகி அந்தத் தொலைதூர நகரத்துக்குத்தான் போனாள். அவள் போன மறுநாளே அவர் தம் கைக்கடிகாரத்தை ஒன்பது மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார். மகள் தூங்கும் நேரத்தில் அழைத்துவிடக் கூடாது, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். உள்ளூர் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம் போதும் என்றார்.

மனைவி விடுவாரா? "உங்க கையில அவ ஊரு, சுவத்துல நம்ம ஊரு. நடுவுல நான் எந்த ஊர்ல சமைக்கிறதுன்னு சொல்லிடுங்க."

பழக்கம் முற்றிய பிறகு அவர் கழிப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. முள்ளைப் பார்த்தவுடன் இரண்டு நேரமும் ஒன்றாக மனத்தில் தோன்றும். தம் வாழ்நாளில் அந்தக் கடிகாரத்தை அவர் ஒரே ஒருமுறைதான் தவறாகப் படித்தார்.

*

மனைவி படுத்த படுக்கையானபோது மகளை உடனே வரச் சொல்லவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "பார்ப்போம்" என்றார். இவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு நின்று, பார்வை மட்டும் மிஞ்சிய பிறகுதான் மகளை அழைத்து, "புறப்பட்டு வா" என்றார். சீட்டை அவரே போட்டார். பதினேழரை மணி நேரம். அன்று முதன்முறையாக அந்தக் கணக்கு அவருக்கு நீளமாகத் தோன்றியது.

மறுநாள் காலை இடைநிலையத்திலிருந்து மகள் அழைத்தாள். பின்னால் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. நீ பேசு. காதுல வைக்கிறேன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

கைப்பேசியை மனைவியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மகள் நெடுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை. அம்மாவிடமிருந்து பதிலாக ஒரு சொல்லும் வராததை மகளும் எதிர்பார்த்தே இருந்திருக்க வேண்டும். பிறகு விமானம் ஏற அழைக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த இரண்டாவது விமானம் கிளம்பி நான்கு மணி நேரம் ஆனபோது மனைவியின் மூச்சு நின்றது. வீட்டுக்கு வந்து கவனித்துக்கொண்டிருந்த நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தை ஏறிட்டார். அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து. அந்த எண் அப்படியே உள்ளே பதிந்துவிட்டது. ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது அவருக்கு உறைக்கவில்லை.

"யாருக்கும் சொல்லாதீங்க. விமானம் இறங்கட்டும்" என்று படுக்கையறைக் கதவைச் சாத்தினார்.

மகளுக்கு இன்னும் மூன்று மணி நேரம் தாய் இருக்கிறாள், அதை யாரும் பறித்துவிடக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். ஆனால் நர்ஸ் அதற்கு முன்பே மனைவியின் தங்கைக்குச் சொல்லிவிட்டிருந்தார். வெளியூரிலிருந்து காரில் நேரே விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவர் வழியிலிருந்தே அழைத்து அழுதார்.

"எத்தனை மணிக்கு மாமா?"

"அஞ்சு மணிக்கு."

"காலையிலயேவா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே மாமா."

அந்தக் கேள்வி அவர் காதில் விழவே இல்லை. "அவகிட்ட நீ சொல்லாதே. வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சித்தியால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அக்காள் மகளைக் கட்டிக்கொண்டு, "காலையில அஞ்சு மணிக்கே போயிட்டாளாம்" என்று சொல்லிவிட்டார். மகள், "அஞ்சு மணிக்கா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டாளாம். பிறகு வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லையாம். அவள் கேட்ட அந்தக் கேள்வியைச் சித்தி பெரிதாக எண்ணவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

*

மகள் அன்று தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்தார். காரியங்கள் முடிந்து திரும்பிப் போனாள். அதன் பிறகும் வாரம் தவறாமல் அழைத்தாள். மருந்து சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் கேட்டாள். ஆனால் அவர் "உங்கம்மா" என்று ஆரம்பித்தால் போதும், "அடுப்புல வச்சிருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்பாள். எந்த நேரத்தில் அழைத்தாலும் அடுப்பில் ஏதோ இருந்தது.

ஆண்டுகள் இப்படியே கழிந்தன. தாமதமாகக் கூப்பிட்டதைத்தான் அவள் மன்னிக்கவில்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். ஒருநாள் முன்னதாகச் சொல்லியிருந்தால்! அந்த ஒருநாளை எங்கே வைத்துக் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை. தாம் கண்ணை மூடுவதற்குள் மகளின் வாயிலிருந்து ஒருமுறையாவது 'அம்மா' என்ற சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிஞ்சவில்லை.

அலுவலகத்தில் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். மனைவி இறந்த அந்த மதிய வேளை வந்ததும், அதாவது அவருடைய கடிகாரத்தில் ஐந்து ஆனதும், கையிலிருந்த வேலையை விட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். கணினித் திரையில் அன்றைய விமானம் எங்கே பறக்கிறது என்று பார்ப்பார். நாள்தோறும் அதே விமானம், அதே நேரத்தில், அதே கடலின் மேல் ஒரு சிறு புள்ளியாக நகர்ந்துகொண்டிருக்கும். மனைவி இறந்தது வீட்டுப் படுக்கையறையில் அல்ல, அந்தக் கடலின் மேல்தான் என்று மெல்ல மெல்ல அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. அந்தப் புள்ளி அவ்விடத்தைக் கடந்து இங்கே வந்து இறங்கும்வரை, தினமும் அந்த மூன்று மணி நேரமும், அவர் குரலைத் தாழ்த்தியே பேசினார். இழுப்பறையைக்கூட ஓசையில்லாமல் மூடினார். மூடிய கதவுக்கு அப்பால் ஒருவர் இருக்கும் வீட்டில் நடமாடுவதுபோல நடமாடினார்.

முதலில் விசா அக்கா கிண்டல் செய்தார். "பதினேழரை, உள்ள யாராவது தூங்குறாங்களா?"

"ஆமாக்கா" என்றார் அவர்.

அந்தப் பதில் வந்த விதத்தைப் பார்த்த பிறகு விசா அக்காவும் அந்த நேரத்தில் குரலை உயர்த்துவதில்லை. மாலையில் விமானம் தாழ்ந்து ஊரின் மேல் கடக்கும் இரைச்சல் கேட்கும். அப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்று வழக்கமான குரலில் சொல்வார்.

*

எல்லோரும் கைப்பேசியிலேயே சீட்டு எடுக்கப் பழகிய பிறகு அலுவலகத்தை மூடுவதென்று முடிவாயிற்று. கடைசி நாளில் முதலாளி கடிகாரங்களைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஊரையே ஏத்தி அனுப்பிட்டே. ஒருதடவை நீயும் போயேன்யா. மகளைப் பார்த்துட்டு வா."

மகளிடம் கேட்டார். அவள் சற்றுத் தயங்கி, "வாங்கப்பா" என்றாள். அன்று அடுப்பில் எதுவும் இல்லை.

தமக்கான சீட்டைத் தாமே போட்டுக்கொண்டு, காலை விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்னிருக்கையின் முதுகிலிருந்த திரையில், கடந்த தூரமும் மீதித் தூரமும் எண்களாக மாறிக்கொண்டே இருந்தன. எதிர்த்திசையில் அந்த விமானம் இந்நேரம் இடைநிலையத்திலிருந்து கிளம்பியிருக்கும். ஏதோ ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். அந்த நேரத்தைக் கணித்து வைத்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றியை அழுத்திப் பார்த்தார். மேகமும் வெளிச்சமும் தவிர ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் கடந்துபோனது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அந்த விமானத்தில் மகள் வருகிறாள். அவளுக்குத் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள். தாமோ அவர்களை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாய்ப் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவரை உலுக்கியது. கடிகாரத்தில் ஐந்து ஆனபோது எழுந்து நிற்க முயன்றார். இடுப்புப் பட்டை இழுத்து உட்கார வைத்தது.

இடைநிலையத்தில் இறங்கியதும் மகளை அழைத்தார்.

"வந்துட்டீங்களாப்பா? சாப்பிட்டீங்களா?"

"குடுத்தாங்கம்மா. எதைப் பிரிச்சாலும் உள்ள இன்னொரு காகிதம். காகிதத்துக்கே வயிறு நிறைஞ்சுடுச்சு."

அவள் சிரித்தாள். "இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"பெரிய ஜன்னல். பச்சை நாற்காலி வரிசை. பக்கத்துல ஒரு சின்னச் செயற்கை அருவி மாதிரி சுவத்துல தண்ணி வழியுது."

தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. இந்த ஓசையைத்தான் அன்று கைப்பேசியில் கேட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, அங்க நின்னுதான் நான் பேசினேன்."

"தெரியும்மா. சத்தம் கேக்குது."

"ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்க முடியலை." அவள் குரல் தட்டையாக வந்தது. "அன்னைக்கு ஏன்ப்பா அப்படிப் பண்ணீங்க?"

"முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்மா. தப்புதான்."

"அது இல்லை. அம்மா போனதுக்கு அப்புறம் ஏன் அவங்க காதுல போனை வச்சீங்க? கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்னு ஏன் சொன்னீங்க? நான் பேசினேனேப்பா. எவ்வளவு பேசினேன். ஒரு… இறந்துபோன உடம்புகிட்ட."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா சொல்றே? நீ பேசுறப்போ அவ இருந்தாளே."

"அஞ்சு மணிக்குன்னு சித்தி சொன்னாங்க. நீங்கதான் சொன்னீங்களாம். நான் கூப்பிட்டது எட்டு மணிக்கு மேல."

"அஞ்சு மணியா? இல்லைம்மா. நீ இங்க இருந்து ஏறி நாலு மணி நேரம் கழிச்சு. ரெண்டாவது விமானம். நீ கடலுக்கு மேல இருந்தே. தினமும் பார்க்கிறேன்ல, எனக்குத் தெரியாதா? மத்தியானம்மா, நம்ம ஊர்ல நல்ல வெயில்…"

அவர் பார்வை தானாகவே கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. நம்மூரின் மதியம் இரண்டு மணி, அந்தக் கடிகாரத்தில் விடியற்காலை ஐந்து.

"உன் ஊரு அஞ்சு மணி" என்றார் மெதுவாக. "என் கையில உன் ஊர் நேரம்தானேம்மா எப்பவும் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லிட்டேன். உங்க சித்தி நம்ம ஊர்க் காலைன்னு எடுத்துக்கிட்டா."

அருகில் ஒரு குடும்பம் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்தது. அவருடைய விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்போ… கேட்டாங்களா?"

"கேட்டாம்மா. ஒரு கையால போனைப் பிடிச்சிருந்தேன். இன்னொரு கையில இந்த விரலை அவ பிடிச்சிருந்தா. நீ பேசி முடிக்கிற வரைக்கும் விடலை. போனை எடுத்ததும் விட்டுட்டா."

அழும் ஓசையை வாயைப் பொத்தி அடக்குவது கேட்டது. பிறகு, "ஏறுங்கப்பா. விட்டுட்டுப் போயிடப் போறாங்க" என்றாள்.

*

மகளின் வீட்டுக்கு மாலையில் வந்து சேர்ந்தார். மருமகன் பெட்டியை எடுத்துப் போனார். மகள் அவர் கையைப் பிடித்தபடியே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பேச வேண்டியது நிறைய இருந்தும் இருவரும் எதிர்காற்றைப் பற்றித்தான் பேசினார்கள். ஓர் அற்பமான பார்வை, ஓர் எண்; அதற்குள் இத்தனை ஆண்டுகள் போய்விட்டனவே என்ற திகைப்பு அவரைப் படுக்கையிலும் விடவில்லை. அவள் அத்தனை காலமும் ஒரு பிணத்தின் காதில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

விடிவதற்கு முன் கீழே நாற்காலி நகரும் ஓசை கேட்டு எழுந்தார். மாடிப்படி இறங்கி வந்தார். சமையலறையில் விளக்குப் போடாமல் மகள் ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"தூக்கம் வரலையாம்மா?"

"தினமும் இப்படித்தான்ப்பா. அங்கேயிருந்து திரும்பி வந்ததுல இருந்து அஞ்சு மணின்னா முழிப்பு வந்துடும். அலாரம் வேண்டாம். இந்த அஞ்சுக்குத்தான் போனாங்கன்னு எழுந்து நிப்பேன். நம்ம ஊர் அஞ்சு இங்க ராத்திரி எட்டுன்னு தெரியும். ஆனா எட்டு மணிக்கு எதுவும் தோணாது. அஞ்சுக்குத்தான்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் திருப்பித் தம் கடிகாரத்தையும் பார்த்தார். திருப்பி வைத்த நாளிலிருந்து வீட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாதது, இங்கே முள்ளுக்கு முள் ஒத்திருந்தது. தாம் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் எழுந்து நின்ற ஒவ்வொரு மதியத்திலும் இவள் இந்த இருட்டில் எழுந்து நின்றிருக்கிறாள். தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு, சரியான கணத்தில்.

"இதேதாம்மா" என்றார். "இந்த நிமிஷம்தான். நானும் அங்க நிப்பேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குரல் உடைந்து பெரிதாக வந்தது. அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா. இறங்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"யாருப்பா இறங்க?"

"நீதான்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பின்பு மாடிப்படியின் பக்கம், எதற்கென்று தெரியாமல், ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதில்ல?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"இல்லைம்மா. போன் அவ காதுலல்ல இருந்துச்சு."

அவள் நாற்காலியை ஓசையெழாமல் தூக்கி வைத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.